சாகிறவனுக்கு ஒரு பெயர்

ஷாமினி காரை நிறுத்தும்போது மழை விட்டு, கூரையிலிருந்து மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. ஆக்லாந்தில், ஒனிஹங்கா கடைத்தெருவுக்குப் பின்னால், எந்தக் காலத்திலோ ஏதோ ஒரு சங்கம் கட்டிவிட்டு மறந்துபோன மண்டபம் அது. கதவைத் திறந்தால் நனைந்த மரமும் பழைய கம்பளமும் கலந்த வாசனை. மண்டபத்தை ஒட்டி ஒரு சந்து. ஒரு பக்கம் செங்கல் சுவர், மறு பக்கம் இரும்புப் படி, கோடியில் மூடி இல்லாத குப்பைத்தொட்டி. பழனிசாமி அதைப் பார்த்ததும் ஒரு நொடி நின்றார். எங்கோ பார்த்த சந்து. பிறகு, வயசானால் எல்லாச் சந்தும் பார்த்த சந்துதான் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டு மகளுக்குப் பின்னால் நடந்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒன்றரை மணிக்குப் பேயை எதிர்பார்த்து யார் வீட்டைவிட்டுக் கிளம்புகிறார்கள்?

"இன்னிக்கு நீங்கதான் ஹீரோ பா," என்றாள் ஷாமினி. "ஒரு சர்ப்ரைஸ் இருக்கு. படம் முடிஞ்சதும் சொல்றேன்."

பழனிசாமிக்கு அறுபத்து நாலு வயது. மனைவி போன பிறகு மலேசியாவில், ஈப்போவில் தனியாகக் கிடக்க வேண்டாம் என்று மகள் ஆக்லாந்துக்கு அழைத்துக்கொண்டது தொண்ணூற்று மூன்றில். இப்போது மூன்று வருஷம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் இந்த ஒரே மகளைத் தவிர அவருக்கு உலகத்தில் யாரும் இல்லை. அவள் வேலையிலிருந்து வர ஐந்து நிமிஷம் தாமதமானாலும் சான்ட்ரிங்ஹாம் வீட்டு வாசலில் போய் நின்றுகொள்வார்.

இந்த நாட்டில் அவருக்குப் பிடிபடாத விஷயங்களில் ஒன்று பெயர். விண்ணப்பப் பாரத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்க, ஆளாளுக்குத் தகப்பன் பெயரை அதில் எழுதி வைத்தார்கள். அதோடு அவர் மிஸ்டர் வீராசாமி ஆகிவிட்டார். மகளின் சட்டையில் குத்திய அட்டையில் பழனிசாமி என்று இருந்தது. போனில் பழனிசாமி இருக்கிறாரா என்று வெள்ளைக்காரி கேட்பதும், நான்தான் என்று இவர் சொல்வதும், எதிர்முனை குழம்பிப் போவதும் மாதம் ஒரு முறையாவது நடக்கிற கூத்து. என் பேரைக்கூட விட்டு வைக்கலையே நீ என்று மகளைக் கிண்டல் பண்ணுவார்.

மண்டபத்துக்குள் ஜேசன் புரொஜெக்டரைத் துடைத்துக்கொண்டிருந்தான். கிள்ளானிலிருந்து வந்தவன், ரேடியோ டிவி பழுது பார்க்கிறவன். பக்கத்துத் தெருவில்தான் அவன் கடை. பழைய பதினாறு எம்.எம். படச்சுருள் எங்கே கிடைத்தாலும் பெண்டாட்டியின் திட்டையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வந்துவிடுவான். ஷாமினியின் அப்பா அந்தக் காலத்தில் ரப்பர்த் தோட்டம் தோட்டமாக வேனில் போய்ப் படம் காட்டியவர் என்று தெரிந்ததிலிருந்து அவன் அவரை விடவில்லை. மலேசியக் குடும்பங்களிலிருந்து நாற்பது பேரைத் திரட்டி இன்றைக்கு ஏற்பாடு பண்ணிவிட்டான்.

"சிங்கப்பூர்ல ஒரு பெட்டி மொத்தமா வாங்கினேன் அங்கிள். அதுல ஒண்ணு போலீஸ் படம். நீங்க மைக்ல தமிழ்ல சொல்லுங்க, அந்தக் காலத்துல சொன்ன மாதிரியே. அது போதும் லா."

சுருள் டப்பாவை எடுத்து நீட்டினான். மூடியில் பென்சிலால் தமிழில் எழுதியிருந்தது: "தொப்பிக்காரன்."

பழனிசாமியின் சொந்தக் கையெழுத்து.

அவர் டப்பாவை மேசைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். மகள் பார்க்காமல் இருக்க இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

அறுபத்திரண்டில், பேராக்கில், இந்தப் படத்தை அவர் எத்தனை தோட்டத்தில் காட்டினார் என்பதற்குக் கணக்கில்லை. கறுப்பு வெள்ளை இங்கிலீஷ் படம். எடுத்தவர்களிடம் காசு இல்லை, ஆகவே இருட்டை வைத்தே செட் போட்டிருந்தார்கள். மொத்தம் மூன்று அறை, ஒரு சந்து. அந்த ஒரே சந்தை முன்னால் இருந்தும் பின்னால் இருந்தும் காட்டி ஏழு தெரு ஆக்கினார்கள். தொப்பி போட்ட ஒரு கொள்ளைக்காரன் கூட்டாளிகளையெல்லாம் இழந்து, கடைசியில் தன்னந்தனியாக அந்தச் சந்தில் ஓடுவான். போலீஸ்காரன் சுடுவான். அவன் ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி சரிவான், தொப்பி உருண்டு குப்பைத்தொட்டியில் முட்டி நிற்கும். அவ்வளவுதான் கதை.

தோட்டத்து ஜனங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆகவே பழனிசாமி சத்தத்தைக் குறைத்துவிட்டு மைக்கைப் பிடித்துக் கதை சொல்வார். கொள்ளைக்காரனுக்கு அந்தந்தத் தோட்டத்து ஆள் ஒருவனின் பெயரை வைப்பதுதான் அவருடைய பெரிய வேடிக்கை. ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கும். சந்து வந்ததும் தவறாமல் ஒரு வரி: "ஓடுறான் பாருங்க, எங்கே போய் ஒளியப் போறான்?"

ஒரு தோட்டத்தில், எல்லாரும் வயிறெரிந்து கிடந்த, தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதிய கிராணி சபாரத்தினத்தின் பெயரை வைத்தார். கிராணியும் முதல் வரிசையில் உட்கார்ந்து பெருந்தன்மையாகச் சிரித்தார். மறுநாள் சாயங்காலம், அடுத்த தோட்டத்தில் திரை கட்டுவதற்குள் சேதி வந்துவிட்டது. ரப்பர்ப் பால் ஸ்டோர் பின்சுவர் ஓரத்தில் கிராணி செத்துக் கிடந்தாராம். ஒரு கை சுவரில் இருந்ததாம்.

தற்செயல் என்று நினைத்தார். நினைக்கத்தானே வேண்டும், வயிறு இருக்கிறதே. அடுத்தது கள்ளுக்கடை ராஜூ. அவனும் மறுநாள் படநேரத்துக்குள் போய்ச் சேர்ந்தான். அதே மாதிரி, சுவரைப் பிடித்தபடி.

மூன்றாவது பெயர் வேன் ஓட்டிய குணரத்தினத்தினுடையது. அவனாகவே கேட்டான். "என்ர பேரைப் போடு, பாப்பம். பேய்க் கதை எல்லாம் என்னட்டை வேண்டாம்," என்றான். போட்டார். படம் முடிந்து வேனில் ஏறும்போது ரப்பர் மரங்களுக்கு நடுவே ஈரத்தொப்பி போட்ட ஒருவன் நிற்பதை இரண்டு பேருமே பார்த்தார்கள். பழனிசாமி அப்போதே சுருளைப் பிரித்து, சாகிற நாற்பது வினாடியைக் கத்தரித்து, இரண்டு முனையையும் ஒட்டினார். அன்றிலிருந்து அந்தப் படத்தில் கொள்ளைக்காரன் ஓடுவான், ஓடிக்கொண்டிருக்கும்போதே படம் முடிந்துவிடும்.

குணரத்தினம் சாகவில்லை.

பத்து வருஷம் கழித்து அவன் ஈப்போவுக்கு வந்தான். பழனிசாமிக்கு ஆள் அடையாளமே தெரியவில்லை. "அவன் என்னோடையே இருக்கிறான்," என்று முணுமுணுத்தான். "என்ர பேரைத்தான் சொல்லுறான். வீட்டிலை மனுசி என்னைக் கூப்பிட்டா முதல்ல அவன்தான் ஓம் எண்டுறான். கதைக்கிறது உன்ர குரல்ல. தமிழை உன்னட்டைத்தானே கேட்டுப் பழகினவன். பழனி, அந்தத் துண்டைத் திரும்ப ஒட்டு. என்னைச் சாக விடு."

படச்சுருளை எப்போதோ விற்றாகிவிட்டது என்று பழனிசாமி சொன்னார். அது உண்மையும்கூட. குணரத்தினம் படியிறங்கிப் போனவன்தான். அதற்குப் பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை.

வெட்டிய துண்டு ஒரு மைலோ டின்னுக்குள் இருந்தது. எரிக்க அவருக்குப் பயம். எரித்தால் அந்தச் சாவு எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்? கடல் தாண்டியும் அதைக் கூடவே கொண்டுவந்து, சான்ட்ரிங்ஹாம் வீட்டுக் கட்டிலுக்கு அடியில், பெட்டிக்குள் பெட்டியாக ஒளித்து வைத்திருந்தார். இப்போது அவருடைய தைரியமெல்லாம் அந்த டின்தான். சாவு வீட்டில் பத்திரமாக இருக்கிறது, இந்தச் சுருளில் வெறும் ஓட்டம்தான் இருக்கிறது என்று நூறு தடவை சொல்லிக்கொண்டு மைக்கை வாங்கினார்.

ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடினார்கள். சரியாக இரண்டு மணிக்கு மத்தியானம் இருட்டானது. புரொஜெக்டர் கிரகிரவென்று ஓடத் தொடங்கியதும் சூடான தூசியின் வாசனை எழுந்தது.

அவர் நன்றாகத்தான் சொன்னார். குரல் அந்த நாளைப்போல எடுத்துக்கொண்டது. பெயர் மட்டும் வைக்கவில்லை, தொப்பிக்காரன் என்றே ஒப்பேற்றினார். ஆனால் சின்ன வயதில் தோட்டத்தில் கேட்டுப் பழகிய கூட்டம் விடுமா?

"பேர் வைங்க அங்கிள்," என்றது ஒரு குரல்.

"ஜேசன்னு வைங்க," என்று ஜேசனே சிரித்தான். "எவ்வளவு பொருத்தம் பாருங்க, எனக்கும் முடி கொட்டிப்போய்த் தொப்பிதான்."

கூட்டத்துக்கு அது பிடித்துப்போயிற்று. திரையில் தொப்பிக்காரன் வரும்போதெல்லாம் பிள்ளைகள் ஜேசன் ஜேசன் என்று கத்தின. பழனிசாமிக்கு வியர்த்தது. ஆனாலும் டின் வீட்டில் இருக்கிறது. டின் வீட்டில்தான் இருக்கிறது.

சந்து வந்தது.

"ஓடுறான் பாருங்க, எங்கே போய் ஒளியப் போறான்?"

இந்த இடத்தில்தான் ஒட்டு. இங்கே படம் ஒரு துள்ளு துள்ளி முடிந்துவிடும்.

துள்ளவில்லை.

தொப்பிக்காரன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தான். முப்பத்து நாலு வருஷமாக யாரும் பார்க்காத சுவர் திரையில் வந்தது. இரும்புப் படி. குப்பைத்தொட்டி.

போலீஸ்காரன் துப்பாக்கியை உயர்த்தினான்.

பழனிசாமி எதையும் யோசிக்கவில்லை. ஜேசனுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள், இரண்டும் முன் வரிசையில் உட்கார்ந்து அப்பன் பெயரைக் கத்திக்கொண்டிருந்தன.

"இவன் ஜேசன் இல்ல," என்றார் மைக்கில். "ஜேசன் இல்ல. இவன் பேரு பழனிசாமி."

திரையில் துப்பாக்கி வெடித்தது. தொப்பிக்காரன் சுவரைப் பிடித்துச் சரிந்தான். சரிகிற நேரத்தில் முகத்தைத் திருப்பினான். முன்பு அவன் அப்படித் திருப்பியதாக அவருக்கு ஞாபகமில்லை.

விளக்கைப் போட்டார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். ஷாமினி ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"சர்ப்ரைஸ் எப்படி பா? பெட்டி துடைக்கும்போது அந்த டின் கிடைச்சிச்சு. ஜேசன்கிட்ட குடுத்தேன், அதே படம்னு கண்டுபிடிச்சு ஒட்டிட்டாரு. இப்ப படம் முழுசாயிருச்சு."

அவர் அவளைத் திட்டவில்லை. திட்டி என்ன ஆகப்போகிறது? தலையைத் தடவிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் அவர் ரொம்ப அமைதியாக இருந்தார். நாளைக்கு இரண்டு மணிக்குள் தான் போய்விடுவோம் என்று அவருக்குத் தெரியும், அதில் வருத்தம் ஒன்றும் பெரிதாக இல்லை. மூன்று பேருக்குச் செய்ததற்கு இது ஈடு என்றே தோன்றியது. மகளுக்குப் பிடித்த நெத்திலி சம்பல் செய்தார். பேங்க் புத்தகம் எந்த டிராயரில் இருக்கிறது என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

"என்னா பா இன்னிக்கு ஒரு மாதிரி பேசுறீங்க?"

"ஒண்ணுமில்ல. படம் பார்த்த ஞாபகம்."

திங்கட்கிழமை அவள் விடியுமுன்னே வேலைக்குப் போய்விட்டாள். அவர் குளித்து, திருநீறு பூசி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்தார். ஒன்பதானது, பத்தானது. வெயில்கூட அடித்தது. சுவர்ப்பக்கம் போகாமல் அறையின் நடுவில் நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தார். பதினொன்றரைக்குப் பசித்தது. சாகப்போகிறவனுக்குப் பசிக்குமா என்று அவருக்கே சிரிப்பு வந்தது.

ஒரு மணிக்குத் தபால்காரி வந்து போனாள். போய் எடுத்தார். இரண்டு கடிதம். ஒன்று மிஸ்டர் வீராசாமிக்கு. இன்னொன்றைத் தன் பெயராயிற்றே என்று வழக்கம்போல விரலால் கிழித்தார். உள்ளே நர்ஸ்கள் சங்கத்துச் சந்தாச் சீட்டு.

அவர் உறையைத் திருப்பிப் பார்த்தார்.

பழனிசாமி.

இந்த ஊரில் பழனிசாமி அவர் இல்லை.

போனை எடுத்து வார்டுக்கு அடித்தார். அவருடைய இங்கிலீஷ் பாதியிலேயே தமிழாகிவிட்டது. ஒரு பெண் பொறுமையாகக் கேட்டு, பழனிசாமி ஒரு நோயாளியோடு ஸ்கேனுக்குப் போயிருக்கிறாள், வந்ததும் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் போவதா, மண்டபத்துக்குப் போவதா? ஆஸ்பத்திரியில் போய் என்ன செய்ய முடியும்? எந்தச் சுவரை மறைப்பார், எத்தனை சுவரை மறைப்பார்? சாவு இருக்கிற இடம் சுருளில். டாக்ஸிக்குச் சொன்னார், அது வர இருபது நிமிஷம் ஆனது. அந்த இருபது நிமிஷமும் அவர் செருப்பில்லாமல் தெருவில் நின்றார். மாரியம்மா, என்னை எடுத்துக்க, என் பிள்ளையை விட்டுடு என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். டாக்ஸிக்காரன் ஒவ்வொரு சிவப்பு விளக்குக்கும் மரியாதையாக நின்றான்.

ஜேசன் கடையில் சுருள் இருந்தது. அவர் கேட்ட தோரணையில் ஜேசன் ஒரு கேள்வியும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தான். மணி ஒன்று நாற்பத்தெட்டு.

கையால் சுற்றினார். அறை, அறை, தெரு, மறுபடி அறை. படத்தில் இவ்வளவு பேச்சு எதற்கு? வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பிடித்துப் பார்த்தார். கண் பூத்துப்போயிற்று.

"அங்கிள், நான் செய்யட்டுமா?" என்று கிசுகிசுத்தான் ஜேசன்.

"தொடாதே."

சந்து வந்தது. ஒன்று ஐம்பத்தாறு.

கத்தரிக்கோலை வைத்த இடத்தில் குணரத்தினத்தின் முகம் ஞாபகம் வந்தது. என்னைச் சாக விடு. வெட்டினால் என்ன ஆகும் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் பூமியில் யாரும் இல்லை. ஆனால் அது பிறகு. உயிர் இருந்தால்தானே பிறகு என்று ஒன்று உண்டு?

வெட்டினார்.

துண்டு சுருண்டு அவர் மடியில் விழுந்தது. அப்படியே போனை இழுத்து வார்டு நம்பரைச் சுற்றினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அந்த நேரத்தில் அவர் எத்தனை தடவை செத்தார் என்று சொல்ல முடியாது.

"அப்பா?"

ஷாமினியின் குரல். அவருக்கு அழுகை வந்துவிட்டது. ஜேசன் எதிரில் இருக்கிறான் என்றும் பார்க்காமல் விம்மி விம்மி அழுதார்.

"அழாதீங்க பா. யார் சொன்னா உங்களுக்கு? எனக்கு ஒண்ணும் ஆகல. சாப்பிடறதுக்குப் பின்பக்கம் போனேன், அங்க கட்டட வேலை நடக்குது இல்ல, நான் நின்ன இடத்துல சுவர் அப்படியே சரிஞ்சு விழுந்துருச்சு. விழறதுக்குக் கொஞ்சம் முன்னாலதான் யாரோ என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. திரும்பி ரெண்டு எட்டு வெச்சேன், அதான் தப்பிச்சேன்."

"யாரு கூப்பிட்டா?" என்றார் பழனிசாமி.

அவர் மடியில் கிடந்த துண்டு ஜன்னல் வெளிச்சத்தில் மினுங்கியது. குனிந்து பார்த்தார். சுவர் இருந்தது. இரும்புப் படி இருந்தது. போலீஸ்காரன் துப்பாக்கியை நீட்டிக்கொண்டிருந்தான். கட்டம் கட்டமாக நகர்த்தினார். விழுகிறவனை எந்தக் கட்டத்திலும் காணோம்.

"தமிழ் ஆளுதான் போல. வயசானவரு. என் பின்னாலேயே வார்டுக்கு வந்து இங்கதான் நிக்கிறாரு," என்று ஷாமினி குரலைத் தாழ்த்தினாள். "மழையே இல்ல, ஆனா தொப்பியெல்லாம் ஈரம். பேர் என்னன்னு கேட்டேன் பா. அவரும் பழனிசாமின்னுதான் சொல்றாரு."

"ஷாமினி. அவன்கிட்ட பேசாத. அங்கேருந்து போ."

"பாவம் பா, மூச்சு வாங்குது அவருக்கு. எங்கேருந்தோ ஓடி வந்த மாதிரி. குரல் அப்படியே உங்க குரல், தெரியுமா? இருங்க, உங்ககூடப் பேசணும்னு கையை நீட்டுறாரு."

"குடுக்காதே," என்றார் அவர். அதற்குள் போன் கை மாறும் சத்தம் கேட்டது.

முதலில் மூச்சு மட்டும் வந்தது. பிறகு, முப்பது வயதுப் பழனிசாமியின் குரல், மைக்கில் பேசுகிற அதே ராகத்தோடு, மெதுவாகக் கேட்டது:

"ஓடுறேன் பாருங்க. எங்கே போய் ஒளியட்டும்?"